மூணு தடவை திரும்பி வந்த பாதை வழக்கு

வக்கீல் தொழிலில் வாய் திறந்து வாதாடுவதெல்லாம் அப்புறம். முதலில் ‘வேண்டாம், போயிட்டு வாங்க’ என்பதை முகம் சுண்டாமல் கேட்டுக்கொள்ளப் படிக்க வேண்டும்.

கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, வழக்குக் கட்டு இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோர்ட் வராண்டாவில் நிற்கிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். என் பேர் ஷமீமா. ஊர் போடி. கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் பதிமூன்று வருஷம் டைப்பிங் கடை வைத்திருந்துவிட்டு, முப்பத்தெட்டு வயசில் சட்டம் படித்து முடித்தவள். எனக்கென்று வந்த முதல் வழக்கு மூன்று தடவை திரும்பி வந்தது. திருப்பி அனுப்பினவர்கள் மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. அப்போது இருந்தது, கழுத்துவரைக்கும் இருந்தது.

டைப்பிங் அக்கா

இந்த ஊர் வக்கீல்கள் பாதிப் பேருடைய மனுக்களை அடித்தது என் விரல்தான். அவர்கள் சொல்லச் சொல்ல அடிப்பேன். தப்பாகச் சொன்னால் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன், அவர்களே திருத்திக்கொள்வார்கள். அதனால் நான் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், ஜூனியராகச் சேர்த்துக்கொள்ள அடிதடியே நடக்கும் என்று நினைத்தேன். ஒரு ஈ காக்கா வரவில்லை! ஒருத்தர் நாற்காலி இல்லை என்றார். இன்னொருத்தர், ‘நல்ல நேரத்துல வந்தீங்கக்கா’ என்று சந்தோஷமாக எழுந்து, அடித்துத் தரச் சொல்லிப் பத்துப் பக்கம் நீட்டினார். அடித்தும் கொடுத்துவிட்டு வந்தேன், வெட்கம் கெட்டவள்.

சுந்தரமூர்த்தி வக்கீல் மட்டும் உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, மூஞ்சிக்கு நேராகச் சொன்னார். என்னைச் சேர்த்துக்கொண்டால் அவர் சொல்லுவார், நான் அடிப்பேன். ரெண்டு பேருக்கும் அது பழகிப்போய்விட்டது. பத்து வருஷம் ஆனாலும் அப்படியேதான் இருப்போம் என்றார். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஆறப்போட்டு யோசித்தபோது, அத்தனை பேரில் உண்மைக் காரணத்தைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்று புரிந்தது. வாசல்வரைக்கும் வந்து அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை: “தனியா போர்டு மாட்டுங்க ஷமீமாம்மா. எங்கிட்ட வந்தா நீங்க சாகுறவரைக்கும் டைப்பிங் அக்காதான்.”

வக்கீல் எப்ப வருவாரு?

மாட்டினேன். ‘டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன்’ போர்டுக்குப் பக்கத்தில் ‘ஷமீமா, வழக்கறிஞர்’ என்று இன்னொரு போர்டு. மூன்றாம் நாள் கம்பம் ஊரிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை, கையில் தடியாக ஒரு கட்டு. போர்டைப் படித்தார். வக்கீல் எப்போது வருவார் என்று கேட்டார். நான்தான் வக்கீல் என்றேன். என்னை ஒரு தடவை பார்த்தார், ஜெராக்ஸ் மெஷினை ஒரு தடவை பார்த்தார். கட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “நல்லதும்மா, அப்ப இந்த ஆதார் மட்டும் ரெண்டு காப்பி எடுத்துக் குடுத்துருங்க.”

மலை மேல் தென்னந்தோப்பு

செல்லத்தாயும் ஜெராக்ஸுக்குத்தான் வந்தார். ஐம்பதைத் தாண்டின அம்மா, எஸ்டேட்டில் கூலிக்கு ஏலக்காய் பறித்தே உடம்பு முறுக்கேறினவர். புருஷன் இல்லை. போடிமெட்டுக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கச் சரிவில், அவருக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து ஜீப்பு ரோட்டுக்கு வர ஒரே பாதை. அது கீழே இருக்கிற அடுத்தவர் நிலத்தின் ஊடே வருகிறது. அந்த நிலத்தை ராசிங்காபுரத்துக்காரர் தவசி என்பவர் போன வருஷம் வாங்கி, இந்த வைகாசியில் பாதையை மறித்து முள்கம்பி வேலி போட்டுவிட்டார். பறித்த பச்சைக்காயை அன்றைக்கே கீழே இறக்கி உலர்த்துகிற ஸ்டோருக்கு அனுப்பியாக வேண்டும். ஓடை வழியாகச் சுற்றி இறங்கினால் அரை நாள், மழை வந்தால் அதுவும் இல்லை. ஆடிக் கடைசியில் அடுத்த பறிப்பு. அதற்குள் பாதை திறக்காவிட்டால் காய் செடியிலேயே வெடித்துப் போகும். அந்த அம்மாவுக்கு வருஷத்துச் சாப்பாடு அதுதான்.

“ஆடிக்குள்ள தொறந்துருமா தாயி?” என்று கேட்டார். “வெரசா முடிச்சிரலாம்” என்றேன், என்னமோ சாவி என் இடுப்பில் தொங்குகிற மாதிரி.

ஒரே மத்தியானத்தில் வழக்குரையை எழுதி முடித்துவிட்டேன். எப்படி என்கிறீர்களா? பதிமூன்று வருஷமாக அடித்த மனுக்கள் எல்லாம் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. சின்னமனூர்ப் பக்கத்துப் பாதை வழக்கு ஒன்றை எடுத்தேன். பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், சர்வே நம்பரை மாற்றினேன். கூட, வேலியை எடுக்கச் சொல்லி அவசர மனுவும் ஒன்று. தாக்கல் செய்துவிட்டு, அன்றைக்கு வீட்டில் பிரியாணி.

வழக்குக்கு நம்பர் விழும் முன்னால் கோர்ட்டில் ஒரு ஆள் அதைச் சரிபார்ப்பார். குறை இருந்தால் காரணத்தை எழுதி வைப்பார், நீதிபதி கையெழுத்தாகி நமக்கே திரும்பி வரும். அதற்குப் பேர் ரிட்டர்ன். எங்கள் செக்‌ஷனில் இருந்தவர் கார்த்திக், பரீட்சை எழுதி வேலைக்கு வந்த பையன், இருபத்தாறு வயசு. என் வயசு என்ன, அவன் வயசு என்ன! மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, நாலாயிரம் அடி உயரத்து ஏலத்தோட்டத்தின் சொத்து விவரத்தில் ‘காய்ப்புத் தென்னை நாற்பது, பம்புசெட் ஒன்று’ என்று இருப்பதைக் காட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. டைப் அடித்துப் பழகினவள் கண்ணுக்கு எழுத்து தெரியும், விஷயம் தெரியாது போலிருக்கிறது. தட்டச்சுப் பிழை என்று சமாளித்தேன். பையன் சிரிக்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. “தென்னையைக்கூட விட்ருவோம் மேடம். ஆறாம் பத்தியில செல்லத்தாயம்மா அவங்க மனைவியோட குடியிருக்காங்க.”

கீழே கொட்டின சாம்பிள்

வீட்டில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரி. சின்னச் சின்னத் தோட்டக்காரர்களிடம் வாங்கி ஏலத்தில் வைக்கிறவர். ஏல ஹாலில் ஒவ்வொருத்தர் சரக்குக்கும் சாம்பிள் வரும். வாங்குகிறவர்கள் உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, மோந்து பார்த்து, பிடிக்காவிட்டால் அங்கேயே தரையில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இருபது வருஷமாக அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அவர்.

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு ரிட்டர்ன் பேப்பரைக் காட்டினேன். ‘பதினைந்து நாளில் குறைகளைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்க’ என்று கீழே எழுதியிருந்ததை அவர் ரெண்டு தடவை படித்தார். நியாயத்துக்கு எனக்காக அந்தப் பையனை நாலு வார்த்தை திட்டியிருக்க வேண்டும். மனுஷன் அசந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். “எம் மூஞ்சிக்கு நேரா காயைக் கீழ கொட்டுறான், ஏன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். ஒனக்குக் காரணத்தையும் எழுதி, பதினஞ்சு நாள் டயமும் குடுத்திருக்காங்க, இதுக்குப் போயி அழுவுறியே ஷமீமா!”

ரெண்டு சுமை அகலம்

மனைவியை நீக்கி, தென்னையை வெட்டி, பம்புசெட்டைக் கழற்றி மறுபடி கொடுத்தேன். மறுபடி வந்தது. பாதை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எத்தனை அடி அகலம், வரைபடம் எங்கே? நியாயமான கேள்விதான். எனக்குத்தான் பதில் தெரியாது. கடையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்து ஒரு பாதை வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமை செல்லத்தாய் சந்தைக்கு வந்தபோது காட்டினேன். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “இது வெறுங் கோடுதேன் தாயி” என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்சிக்காரரே ரிட்டர்ன் போட்ட ஒரே வக்கீல் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் விடிகாலையில் எஸ்டேட் ஆட்கள் போகிற ஜீப்பில் என்னையும் ஏற்றிவிட்டார். ஆறு பேர் உட்காருகிற இடத்தில் பதினாலு பேர். கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு நான் யார் மடியில் இருந்தேன் என்று எனக்கே தெரியாது. இறங்கினதும் வேலி. அதைத் தாண்ட முடியாது என்பதால் ஓடை வழியாகக் கூட்டிப்போனார். ஐயோ, அது வழியா! என் ஒரு செருப்பு ஓடையோடு போயிற்று. மூச்சு வாங்கி, முழங்கால் சிராய்த்து, மேலே போய்ச் சேர்ந்தபோது, இந்த வழியில் இந்த அம்மா தலையில் மூட்டையோடு இறங்க வேண்டுமா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதுவரைக்கும் அது எனக்கு ஒரு மனு. அன்றைக்குத்தான் அது வழக்கு ஆயிற்று.

மேலே நின்று, மரங்கள் மறைத்துக் கண்ணால் பார்க்கக்கூட முடியாத பாதையை அவர் எனக்கு ஒப்பித்தார். பலாமரம் தாண்டி இடது பக்கம் ஒரு வளைவு, சாய்ந்த பாறைகிட்ட வலது பக்கம், இப்படி ஏழு வளைவு. ஒவ்வொன்றுக்கும் இடையில் எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்றுகூடச் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பத்தோரு வருஷம் நடந்த கால். அகலம் எவ்வளவு என்றேன். ரெண்டு பேர் சுமையோடு எதிரெதிரே வந்தால் யாரும் ஒதுங்காமல் போகிற அகலம் என்றார். அவருடைய நிலத்தில் பாதை தொடங்குகிற இடத்தில் டேப்பை வைத்துப் பார்த்தேன், அஞ்சரை அடி. அங்கேயே கல்லில் உட்கார்ந்து வரைந்து கொடுத்தேன். விரலை அதன் மேல் வைத்து, ஏழு வளைவையும் ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இப்பத்தேன் இதுல நடக்கலாம்.”

யாரோட நெலம்?

இனிமேல் திரும்பாது என்று நம்பினேன். திரும்பியது. இந்தத் தடவை என் கெட்டிக்காரத்தனம். வழக்குரையில், ‘பாதை வாதிக்கே சொந்தம், அப்படி இல்லாவிட்டாலும் வாதிக்கு அதில் நடக்கும் உரிமை உண்டு’ என்று ரெண்டு பக்கமும் கயிறு கட்டி வைத்திருந்தேன். ஒன்று போனால் ஒன்று நிற்கும் என்ற கணக்கு. கார்த்திக் ஒரே கேள்வி எழுதியிருந்தார். சொந்தப் பாதை என்றால் அடுத்தவர் நிலத்தில் உரிமை கேட்பானேன், அடுத்தவர் நிலம் என்றால் சொந்தம் என்பானேன், இந்த வழக்கு எப்படி நிலைக்கும்?

ஆடிக் கடைசிக்கு இன்னும் பதினாறே நாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! செக்‌ஷனுக்குள் போய்ச் சண்டை போட்டேன். “ஊர்ல எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க, நானே நூறு வழக்கு இந்த மாதிரி அடிச்சிருக்கேன்” என்றேன். “அடிச்சிருப்பீங்க மேடம், அதுல பாதி இன்னும் நடந்துகிட்டிருக்கு” என்று அலமாரியைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். கட்டுகளின் மேல் என் கடை முத்திரை வரிசையாகத் தெரிந்தது. என் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செல்லத்தாயை வரச்சொல்லி, கட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “எனக்குத் தெரியலைம்மா. நல்ல வக்கீலாப் பாத்துக்கங்க, காய் போயிடும்” என்றேன். அவர் வாங்கவில்லை. கோர்ட்டில் அப்படி என்னதான் கேட்கிறார்கள் என்றார். அந்தப் பாதை உங்களுடையதா, தவசியுடையதா என்று கேட்கிறார்கள் என்றேன். இதைக் கேட்கவா இத்தனை நாள் என்பதுபோல் பார்த்தார். மூன்று வருஷம் நான் தலையணை தலையணையாகப் படித்த சட்டத்தை அந்த அம்மா நின்ற வாக்கிலேயே சொன்னார்: “நெலம் அவுகளோடதுதேன் தாயி. நடக்குறதுதேன் என்னோடது.”

பதினோராம் பத்தி

அதை அப்படியே எழுதினேன். சொந்தம் என்ற பேச்சை முழுக்க எடுத்துவிட்டேன். வழக்குக்கு நம்பர் விழுந்தது. வேலியைப் பற்றி உத்தரவு போடும் முன்னால் எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும் என்று நீதிபதி அம்மா தவசிக்கு நோட்டீஸ் அனுப்பினார். விசாரணைக்கு வைத்த நாளுக்கும் பறிப்புக்கும் நடுவில் நாலே நாள். அன்றைக்கு எதிர் வக்கீல் வாய்தா கேட்டால் எல்லாம் முடிந்தது. நாலு தீர்ப்புகளில் கலர் பேப்பர் ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்துவிட்டுப் போனேன்.

தவசி தனியாக வந்திருந்தார். அறுபது வயசு, சோடாபுட்டிக் கண்ணாடி, கையில் நான் எழுதின வழக்குரையின் நகல், அதில் ஒரு பக்கம் மட்டும் மடித்து மடித்துக் கசங்கியிருந்தது. வக்கீல் வைத்திருக்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். தேனியில் ஒருத்தரிடம் பேசியிருப்பதாகவும், அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை விரித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பதினோராம் பத்தி. ‘வழக்குப் பாதை அமைந்துள்ள நிலம் பிரதிவாதிக்கே முழுவதும் சொந்தமானது. அதில் நடந்து செல்வதைத் தவிர வாதிக்கு வேறெந்த உரிமையும் இல்லை.’ படித்துவிட்டு நிமிர்ந்தார். “இது நெசமா இந்தம்மா சொல்லுதா, இல்ல வக்கீலு எழுதுனதா?”

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. செல்லத்தாய் எழுந்து, “நாஞ்சொன்னதுதேன் அண்ணே” என்றார். அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. ராசிங்காபுரத்தில் இருந்த வயலை விற்றுத்தான் மலையில் நிலம் வாங்கினாராம். நடக்க விட்டால் நாளைக்கு நிலமே என்னுடையது என்று கேட்பார்கள் என யாரோ பயம் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பயத்தில் போட்ட வேலி. இதில் இருக்கிறதைக் கோர்ட்டு எழுதிக் கொடுத்தால் தானே வேலியைப் பிடுங்கிவிடுவதாகச் சொன்னார். நான் கலர் பேப்பர் ஒட்டின தீர்ப்புகளை ஓசைப்படாமல் பைக்குள் வைத்தேன்.

மத்தியானமே சமரச மனு அடித்தேன். நிலம் அவருக்கு, நடை இவருக்கு, அஞ்சரை அடி, ஏழு வளைவு, கூடவே வரைபடம். அடிக்கும்போதுதான் கை நின்றது. அந்த மூன்றில் ஒரு தடவை கார்த்திக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருந்தால், ‘பாதை வாதிக்கே சொந்தம்’ என்பதைத்தானே தவசி படித்திருப்பார்? அவர் பயந்தது அதுதானே? நேரே தேனி வக்கீலிடம் போயிருப்பார், வேலி அங்கேயே நின்றிருக்கும், வழக்கு அந்த அலமாரியில் ஏறியிருக்கும். அந்த இருபத்தாறு வயசுப் பையன் முன்னால் நின்று நன்றி சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று மனுவைக் கொடுத்த கையோடு செக்‌ஷனிலேயே நின்றேன். கோபப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன், நீங்கள் மட்டும் திருப்பாவிட்டால் என்று ஆரம்பித்து நெகிழ்ந்து நெகிழ்ந்து என்னென்னவோ பேசினேன். அவர் தலையை நிமிர்த்தாமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். “இருக்கட்டும் மேடம். மூணாம் பக்கத்துல தவசி ஐயா கையெழுத்து இல்ல, ரிட்டர்ன் போட்டிருக்கேன். அவரு பஸ் ஏறுறதுக்குள்ள வெரசா ஓடுங்க.”

ஓடி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். கோர்ட்டும் எழுதிக் கொடுத்தது, தவசி வேலியைப் பிடுங்கினார், நாலாம் நாள் செல்லத்தாயின் பச்சைக்காய் மூட்டை ஏழு வளைவும் இறங்கி ஜீப்பில் ஏறியும் ஆயிற்று. ஆகவே சக பாவிகளே, உங்கள் மனுவை ஒரே தடவையில் வாங்கிக்கொள்கிற ஆளைக் கண்டால் கொஞ்சம் பயந்துகொள்ளுங்கள்.